அந்தக் கையை நான்தான் உடைத்தேன்

ஜூலை ஒன்பது, காலை பத்தேகால், தூறல். ராபர்ட்சன்பேட்டை கடைவீதியில், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நுரையீரல் நோயுள்ள குழந்தைகளின் புதிய சிகிச்சைக்காக உண்டியல் வைத்திருந்த ஒருவர், தன் மகளை மடியில் குப்புறப் போட்டு முதுகில் அறைந்துகொண்டிருந்தார். நாற்பத்தோரு அடி எண்ணினேன். சுரங்க ஷிஃப்ட் முடிந்து குடித்துவிட்டு வரும் அப்பாவின் அடிகளை எண்ணியே வளர்ந்தவன் நான். கைத்தடியை ஓங்கி அந்த உண்டியல்காரர் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிந்தது.

“இன்னா தாத்தா இப்டி பண்ணிட்டீங்க! அப்பா தட்டினாதான் எனக்குச் சளி வெளிய வரும்!” என்று மூச்சிரைக்கக் கதறினாள் சிறுமி.

“கையைக் குழிச்சு நீங்களே தட்டுங்க பெரியவரே,” என்றார் அவர், வலியில் பல்லைக் கடித்தபடி. கைத்தடியைக் கீழே போட்டு, கையைக் குழித்துத் தட்டினேன். சளி வந்தது. அவளுக்கு மூச்சும் வந்தது.

மறுநாள் அவரிடம் மாவுக்கட்டுச் செலவுக்கான பணத்தை நீட்டினேன். “என் கைக்கு வேணாம், உண்டியல்ல போடுங்க,” என்றார்.

ஓங்கிய கையெல்லாம் என் அப்பாவின் கை என்றே எழுபத்திரண்டு வருடம் நம்பியிருந்தேன். உண்டியலில் போட்டது ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய்.