மூன்று நாள் தண்ணீர்

எங்கள் ஆய்வகத்தில் நான் அக்கா என்று கூப்பிடுகிறவளுக்கு மற்றவர்கள் வைத்திருந்த பெயர் ‘அடுப்புக்காரி’. கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பன்னிரண்டு வருடமாக மைக்ரோவேவ் அடுப்பில் பாலிமர் செய்தவள். தண்ணீரில் கரையும் பாலிமர். மரபணுவைச் சுமந்துகொண்டு செல்லுக்குள் போக வேண்டியது. ஒரு பகல் முழுக்கக் காய்ச்சியதைப் பத்தே நிமிடத்தில் முடித்துக் காட்டியவள் அவள். விட்டு விட்டுச் சூடாக்காவிட்டால் கட்டிதட்டிப் போகும் என்று கண்டுபிடித்ததும் அவள்தான். பட்டம் வாங்கியதெல்லாம் மற்றவர்கள்.

அடுப்போடு வேலை முடியாது. பாலிமரைச் சவ்வுப் பையில் கட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, மூன்று நாள் தண்ணீர் மாற்ற வேண்டும். மிச்சமிருக்கும் ரசாயனம் வெளியேறாவிட்டால் செல்கள் செத்துப்போகும். மாநாட்டுக்குச் செல்களின் படம் வேண்டுமென்று பறந்த, பேராசிரியரின் ஆராய்ச்சி மாணவன், முதல் நாள் மாலையே அக்கா கட்டிவைத்த இரண்டு பைகளில் ஒன்றை அவிழ்த்து என்னிடம் கொண்டுவந்தான். செல் வளர்ப்பது என் வேலை.

“ஒரு நாள்கூட ஆகலையே?” என்றேன்.

“சார் அவசரப்படுறார், போடுங்க.”

போட்டேன். மறுநாள் ஒரு செல்கூட உயிரோடு இல்லை.

அந்த வாரம்தான் அக்காவின் ஒப்பந்தம் முடிகிறது. பேராசிரியர் எல்லார் முன்னாலும் வைத்து, “சூடு பண்ணவே தெரியலன்னா உங்கள எதுக்கு வச்சிருக்கணும்?” என்றார்.

“பையை யார் எடுத்தாங்கன்னு கேளுங்க சார்,” என்று அக்கா என்னைப் பார்த்தாள். மாணவன் தலையைக் குனிந்துகொண்டான். என் ஒப்பந்தமும் அவர் கையில்தான். நான் பேசவில்லை.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள். “வாயில என்ன, பூட்டா போட்டிருந்துச்சு?”

“அக்கா...”

“அக்கானு கூப்பிடாத. வயிறு எரியுது.”

அப்படியும் மற்ற பைக்கு மூன்று நாளும் தண்ணீர் மாற்றினாள், மகராசி. போகிற அன்று அதை என் மேசையில் வைத்து, “போட்டுப் பாரு” என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

செல்கள் பிழைத்தன. ஒளிரவைக்கும் மரபணு உள்ளே போனதும் பச்சையாக ஒளிர்ந்தன. படத்தோடு பேராசிரியரிடம் ஓடினேன்.

“அடேயப்பா! இதைத்தான் மாநாட்டுல காட்டணும்!”

“அக்கா செஞ்ச அதே பாலிமர் சார். அவங்களத் திரும்பக் கூப்பிடுங்க.”

“வேற ஆள் போட்டாச்சே. நன்றினு கீழ ஒரு வரி போட்டுடலாம்.”

“ஒரு வரியா?” கத்திவிட்டேன். “பாதியில பையை அவிழ்த்தது உங்க மாணவன் சார். எங்கிட்டதான் கொண்டுவந்தான்!”

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“அன்னைக்கே ஏன் சொல்லல?” என்றார்.