எண்ணெய் இல்லாத இடம்

பறக்காத விமானம் ஒன்றை வைத்துப் பிழைக்கிறேன். வெள்ளானூரைத் தாண்டி, நெல் விளைந்த மண்ணில் இப்போது மஞ்சள் மனைக்கல் விளைந்து நிற்கும் பக்கத்தில், முன்பு லாரி நிறுத்திய தகர ஷெட் ஒன்று உண்டு. அதுதான் எங்கள் பயிற்சிப் பள்ளி. உள்ளே இரண்டு பேர் உட்காரும் பழைய சிறு விமானம், மூக்கில் நான்கு சிலிண்டர் எஞ்சின். அதை இனி யாரும் வானத்துக்குக் கொண்டு போகப் போவதில்லை. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வாலைச் சங்கிலியால் தரையோடு கட்டி, எஞ்சினை மட்டும் ஓட்டிக் காட்டுவோம். விமானம் பழுது பார்க்கப் படிக்கும் பிள்ளைகள் கயிற்றுக்கு அப்பால் நின்று பார்ப்பார்கள். ஓட்டுகிறவள் நான். கள்ளிக்குப்பத்து அடுக்குமாடியில் குக்கரை இறக்கி வைத்துவிட்டு ஸ்கூட்டரில் வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சாவியைத் திருப்புவேன். காற்றாடி ஒரு சுற்று தயங்கும். இருமும். பிறகு பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடிப்பில் இருக்கை வழியாக முதுகுத்தண்டில் ஏறுகிற நடுக்கத்துக்காகத்தான் இத்தனை வருடமும் இந்த வேலையை விடாமல் இருக்கிறேன். வீட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், சொன்னதில்லை.

போன வருடம் அந்தச் சத்தம் நின்றுவிடும் என்கிற நிலை வந்தது.

எண்ணெய் ஒழுகிற்று. முதலில் சிலிண்டர் தலை மூடியின் ஓரம் கசிந்தது. பேக்கிங்கை மாற்றினோம். அடுத்த ஓட்டத்தில் எண்ணெய் போகும் ஹோஸின் மூட்டில் ஈரம். ஹோஸை மாற்றினோம். அப்புறம் காற்றாடிக்குப் பின்னால், தண்டு வெளியே வரும் இடத்தில் உள்ள பெரிய ரப்பர் சீல். காற்றாடியையே கழற்றி அதையும் மாற்றினோம். புது ரப்பர், பளபளவென்று கறுப்பு. மறுநாள் ஓட்டி நிறுத்தினால் மூக்கு முனையில் ஒரு சொட்டு தொங்குகிறது, காது ஜிமிக்கி மாதிரி, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு.

எங்கள் தாளாளர் கெட்டவர் இல்லை. சாமான் வாங்கித் தந்து தந்து சலித்துப் போயிருந்தார். வெள்ளைச் சட்டைக்காரர் வேறு. ஒருநாள் விமானத்துக்கு அடியில் குனிந்து நிமிர்ந்தபோது தோள்பட்டையில் தேன் நிறத்தில் ஒரு வட்டம். அதைப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"அடுத்த வாரம் நான் வந்து பாக்குற ஓட்டம்தான்மா கடைசி. அதுலயும் தரையில எண்ணெய் நின்னா எஞ்சினை இறக்கிடலாம். வண்டியைக் கேட் பக்கம் நிறுத்திட்டா பசங்க போட்டோ எடுத்துக்கட்டும்."

போட்டோவுக்கு நிற்கும் விமானம். வயிற்றில் ஒன்றும் இல்லாமல், மூக்கில் புது பெயின்ட் அடித்துக்கொண்டு.

கசிவைத் தேடுவது கஷ்டமான வேலை இல்லை, ஏமாற்றுகிற வேலை. எண்ணெய் எங்கே சொட்டுகிறதோ அங்கே ஒழுகுவதில்லை. காற்றாடி அடிக்கிற காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும், சூடு அதை இளக்கும், அது ஒரு போல்ட்டின் தலையைச் சுற்றிப் போய், ஒரு வயரைப் பிடித்து இறங்கி, சம்பந்தமே இல்லாத இடத்தில் வந்து நின்று நான்தான் என்று கை தூக்கும். அதனால் முதலில் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, துடைத்து, ஆற விட்டு, அதன் மேல் முகத்துக்குப் பூசுகிற பவுடரைத் தூவ வேண்டும். வெள்ளை எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டினால் எண்ணெய் நடந்து வந்த பாதை கறுப்பாகத் தெரியும். ஆரம்பித்த இடமும் தெரியும்.

பவுடர் வாங்கத் திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்குப் போனேன். நாலைந்து டப்பா கேட்டதும் கடைக்கார அம்மா என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது நாடகம் போடுகிறீர்களா என்று விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய்யும் இல்லை.

என்னோடு வேலை செய்கிற மெக்கானிக் வெள்ளானூர்க்காரன். பூர்வீகம் அங்கேதான், அப்பா காலம் வரை நெல். அவன் கைநிறையப் பவுடரை அள்ளி எஞ்சின் மேல் ஊதினான். அவன் புருவமும் வெளுத்தது.

"இன்னாக்கா இது, கல்யாணப் பொண்ணு கணக்கா கீது," என்றான். "பூ ஒண்ணுதான் பாக்கி."

கட்டையும் சங்கிலியும் சரி பார்த்து ஓட்டினோம். பக்கத்து மொட்டைமாடியில் துணி காயப்போட்டவர்கள் வழக்கம்போல அவசரமாக எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தேன். ஒரு பாதை தெரியும் என்று நினைத்திருந்தேன். மூன்று பாதைகள் தெரிந்தன. புது சீல், புது பேக்கிங், இதுவரை கசியாத வால்வுத் தண்டின் உறை. மூன்றும் ஒரே நேரத்தில் அழுதுகொண்டிருந்தன. ஒன்று கெட்டால் மாற்றலாம். எல்லாம் கெட்டால் என்ன செய்வது? தாளாளர் பார்க்க வருவதற்கு ஒரே ஒரு நாள்தான் பாக்கி இருந்தது.

மத்தியானம் அவன் ஒரு பெரிய டப்பாவைத் திறந்தான். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, ஒன்றோடு ஒன்று கலந்து கிடந்தது. முந்தின நாள் அவன் மனைவிக்கு வளைகாப்பு. கல்யாணமாகி ரொம்ப காலம் காத்திருந்து வந்த பிள்ளை. ஆஸ்பத்திரி, கோவில், மறுபடி ஆஸ்பத்திரி என்று அவர்கள் அலைந்தது எனக்குத் தெரியும். அவன் அன்றெல்லாம் சும்மாவே சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்புக்கு முன்னால் என் எஞ்சின் கவலையைக் கொட்ட வெட்கமாக இருந்ததால் நிறையச் சாப்பிட்டேன்.

தகரக் கூரையின் சூட்டுக்கு ஷெட்டில் ஒரே குளிர்ச்சி விமானத்தின் நிழல்தான். பாயை இழுத்துப் போட்டு அடியில் படுத்தேன். தலைக்கு மேல் அதன் அடிவயிறு, ஒரு கை தூரத்தில். புது வகுப்பு தொடங்கிய பூஜைக்காகச் சில வாரம் முன்பு கழுவியது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை ஓட்டியாகிவிட்டது. இருந்தும் பளிச்சென்று இருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன். வெறும் புழுதி.

எழுந்து உட்காரப் போய்த் தலையை இடித்துக்கொண்டேன்.

எஞ்சினுக்கும் மூச்சு உண்டு. பிஸ்டன் இடுக்கு வழியாகக் கொஞ்சம் புகை அதன் வயிற்றுக்குள் எப்போதும் இறங்கிக்கொண்டே இருக்கும். அது வெளியேறக் கட்டைவிரல் பருமனில் ஒரு குழாய், மேலிருந்து வளைந்து இறங்கி, விமானத்தின் அடியில் வாயைத் திறந்து வைத்திருக்கும். மூச்சோடு கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கும் வரும். எந்தச் சிறு விமானத்துக்கு அடியில் குனிந்தாலும் அந்த வாய்க்குப் பின்னால் ஒரு கறுப்புக் கோடு, வெற்றிலைக் கறை மாதிரி, இருந்தே தீரும். எங்கள் விமானத்தில் அது இல்லை. எண்ணெய் இருக்கவேண்டிய ஒரே இடம் சுத்தமாக இருந்தது.

அவனைக் கூப்பிட்டு அந்த இடத்தைக் காட்டினேன்.

"நீ இன்னாக்கா, இத்தினி நாளா எண்ணெ எங்க கீதுனு தேடிகினு இருந்தோம், இப்ப எங்க இல்லனு தேடச் சொல்ற?"

சொல்லிவிட்டு அவனும் குனிந்தான். எஞ்சினை ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, உடனே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகச் சொன்னேன். சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உஸ் என்றது. உள்ளே மூச்சு முட்டி நிற்கிறது. போக வழியில்லாத காற்று, எந்த ரப்பர் இளைத்ததோ அதன் வழியாக எண்ணெயைத் தள்ளியிருக்கிறது. நாங்கள் மாற்றிய ஒன்றும் கெட்டுப்போயிருக்கவில்லை. நல்ல ரப்பரைத்தான் இத்தனை நாளும் தூக்கிப் போட்டிருக்கிறோம்.

செல்போன் வெளிச்சத்தைக் குழாயின் வாய்க்குள் அடித்தேன். மண். வழவழவென்று பூசி மெழுகிய மண். குளவிக் கூடு.

ஸ்க்ரூட்ரைவரை எடுத்தேன். அவன் என் கையைப் பிடித்தான். இத்தனை வருடத்தில் அவன் என் கையைத் தொட்டதே இல்லை.

"யக்கா. வேணாம்க்கா."

அப்புறம்தான் மெதுவாகச் சொன்னான். வாரக்கணக்காக ஒரு குளவி மண்ணை எடுத்துக்கொண்டு விமானத்தின் மூக்குப் பக்கம் போய் வருவதைப் பார்த்திருக்கிறான். குளவி கூடு கட்டினால் வீட்டில் தொட்டில் ஆடும் என்பது தெரிந்த விஷயம்தானே. எங்கே கட்டுகிறது என்று தேடிப் போகவில்லை, போனால் கலைந்துவிடும். யாரிடமும் சொல்லவுமில்லை, சொன்னால் கண்பட்டுவிடும். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு வேலை பார்த்திருக்கிறான்.

"ஊட்ல கட்டலயேனு அவ ஏங்கிகினு இருந்தா. இங்கயாவது கட்டுச்சேனு நெனச்சேன். இதுக்குள்ளாற கட்டும்னு சத்தியமா தெரியாதுக்கா."

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. அவன் நெற்றியில் பவுடர் அப்படியே இருந்தது, அதில் வேர்வை ஒரு பாதை போட்டு இறங்கியது. ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைத்தேன். கூட்டை உடைக்காமல் குழாயைத் திறக்க முடியாது. ஆனால் குழாயையே கழற்றலாம்.

வகுப்பறையில், உள்ளே இருப்பது தெரிவதற்காகக் குறுக்கே அறுத்து வைத்த இதே மாதிரி எஞ்சின் ஒன்று உண்டு. அதன் மூச்சுக்குழாய் முழுசாக இருந்தது. அதைக் கழற்றி வந்தோம். இங்கே கிளாம்புகளைத் தளர்த்தி, பழைய குழாயை அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். பிள்ளையை வாங்குகிற மாதிரி என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மையில் கொதிக்கிற ரசப் பாத்திரத்தை வாங்குகிற மாதிரிதான் பிடித்தான். ஷெட்டின் பின்சுவரில் ஆணி அடித்து, வாய் வெளியே பார்க்கத் தொங்கவிட்டான். கூடு உருண்டையாக இருந்தால் பெண், நீளமாக இருந்தால் ஆண் என்று ஒரு கணக்கு உண்டே, எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"குழாக்குள்ள கட்டுனா நீட்டமாத்தான்க்கா வரும். அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

பெண்தான் பிறந்தாள், மழைக்காலம் பிடிப்பதற்குள். அதற்கு முன்பே கூட்டின் மண்ணில் பட்டாணி அளவில் ஒரு ஓட்டை விழுந்து, உள்ளே இருந்த குளவி பறந்து போய்விட்டிருந்தது.

குழாயை மாற்றிய அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து, காற்றாடிக்குப் பின்னால் பிதுங்கி வந்திருந்த புது ரப்பர் சீலை எடுத்துவிட்டு, முன்னால் அவசரப்பட்டுக் கழற்றிப் போட்ட பழைய சீலையே துடைத்துப் போட்டோம். நல்ல சீல், பாவம். இரவு வீட்டில் ஒரு சிவப்பு ரவிக்கைத் துணியில் சின்ன உறை தைத்தேன், ஒரு நீளமான வாலோடு. எஞ்சின் ஓடாத நாட்களில் குழாயின் வாய்க்கு உறை, அதன் வால் காற்றாடியில் ஒரு முடிச்சு. முடிச்சை அவிழ்க்காமல் யாராலும் எஞ்சினைத் தொட முடியாது. குளவி வேறு வீடு பார்த்துக்கொள்ளட்டும்.

மறுநாள் தாளாளர் வந்தார். அன்றைக்கும் வெள்ளைச் சட்டை. கயிற்றுக்கு அப்பால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சாவியைத் திருப்பினேன். தயங்கியது, இருமியது, பிடித்துக்கொண்டது. சூடேறும் வரை ஓட்டி, வேகம் கூட்டி, குறைத்து, நிறுத்தினேன். காற்றாடி நின்ற பிறகும் எனக்கு இறங்க மனம் வரவில்லை. மெக்கானிக் மூடியைத் திருகினான். உஸ் சத்தம் இல்லை. மூக்கைத் துணியால் ஒற்றிக் காட்டினான். துணி வெளுப்பு.

தாளாளர் கீழே குனிந்தார். அடிவயிற்றில் இழுத்த மையைப் போல மெல்லிய ஈரக் கோடு ஒன்று.

"இங்க ஒழுகுதேம்மா," என்றார்.

"அது மூச்சு சார்," என்றான் அவன். "அது வரணும்."

தாளாளர் என்னைப் பார்த்தார். தலையாட்டினேன். ஏன் வரவேண்டும் என்று விளக்கினேன், கொஞ்சம் அதிகமாகவே விளக்கினேன் போல. கூட்டின் கதையை மட்டும் சொல்லவில்லை. அவர் அந்த ஈரக் கோட்டின் மேல் விரல் வைத்துப் பார்த்தார், முகர்ந்தார், விரலைத் துடைக்க இடம் தேடிக் கடைசியில் மெக்கானிக்கின் தோள்துணியில் துடைத்தார். தரையைப் பார்த்தபடி விமானத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். சிமெண்ட் உலர்ந்திருந்தது. எஞ்சினை இறக்குவதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"இன்னொரு தடவை போடும்மா."

"டெஸ்ட் முடிஞ்சிடுச்சு சார்."

"தெரியும்," என்றார். கயிற்றுக்கு அப்பால் போய் நின்றுகொண்டார். காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு மறுபடி ஏறினேன்.