மேட்டுக் கீரை

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்குக்குக் குடிபோன புதிதில் எனக்கு எதைப் பார்த்தாலும் குமட்டியது. ஜாலான் புசாரில் கடைவீட்டு மாடியில் இருந்தவர்கள் நாங்கள். இங்கே புது அடுக்குமாடி, அதைச் சுற்றி ஒரே செம்மண். மழை பெய்தால் சேறு வாசல்வரை வரும். எங்கள் அடுக்குமாடிப் புளோக்கின் பின்னால் இருந்த மேட்டில் கட்டட வேலைக்காரர்கள் விட்டுப்போன சிமெண்டுக் கட்டியும் ஆணியும்தான் கிடந்தன. புல்கூட முளைக்கவில்லை. போதாக்குறைக்குச் சரிவுக்குக் கீழே ஒரு பன்றிப் பண்ணை. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் சோற்றில் கை வைக்க முடியாது.

பண்ணை ஒரு சீன அம்மாவுடையது. அவரும் கணவரும் காட்டை வெட்டித் திருத்திய இடம் அது. கணவர் போய்ச் சேர்ந்தபின், குட்டையில் ஆகாயத்தாமரை அறுத்து வேகவைத்துப் பன்றிகளுக்குப் போட்டுக்கொண்டு தனியாகவே கிடந்தார்.

மேட்டில் முதலில் விதை தூவியவர் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. முளைத்ததெல்லாம் வெளுத்துச் செத்தது. ஒருநாள் அந்தச் சீன அம்மா மட்கிய பன்றிச் சாணத்தை இரண்டு வாளியில் தூக்கிக்கொண்டு மேடேறி வந்தார். "அம்பில், அம்பில்" என்று மலாயில் சொல்லி, எடுத்துக்கொள்ளும்படி கைகாட்டினார். அப்புறம் கேட்க வேண்டுமா? வாளி வந்துகொண்டே இருந்தது. முளைக்கீரை முழங்கால் உயரம் நின்றது. கறிவேப்பிலை, மிளகாய், வாசனைக்குப் போடும் பாண்டான் இலை என்று மேடே பச்சையாகிவிட்டது.

பன்றிச் சாணம் என்றால் யார் வாயில் வைப்பார்கள்? அக்கா எல்லாரிடமும் மாட்டுச் சாணி என்றே சொல்லி வைத்தார். இங்கே மாட்டுக்கு எங்கே போனாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் கடைந்து சாப்பிட்டார்கள். நானும்தான்.

தின்ற கீரை செரிப்பதற்குள், பண்ணையை எடுக்கச் சொல்லி மனு எழுதிவிட்டார்கள். விருந்தாளிகள் வந்தால் நாற்றத்தில் மானம் போகிறதாம். கையெழுத்து வாங்க வீடு வீடாக ஏறி இறங்கியது வேறு யார், அதே அக்காதான். எனக்கு ஒரு கட்டுக் கீரையும் கொண்டுவந்திருந்தார்.

"அவங்க பொழப்பு என்னாகும்க்கா?" என்றேன்.

"கவர்மெண்ட் ஃபிளாட் குடுப்பாங்க லா. பன்னியோட கெடக்கறதுக்கு அது மேல்தானே?"

உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று கேள்விப்பட்டிருந்தேன். கண்ணால் பார்த்தது அன்றுதான். பேனாவையும் கீரையையும் அவர் கையிலேயே திணித்து அனுப்பினேன்.

மனுவாலோ, முன்பே போட்ட திட்டத்தாலோ, பண்ணை போயிற்று. பன்றிகளை லாரியில் ஏற்றிய அன்று, மிச்சமிருந்த எருவையும் அந்த அம்மா எங்கள் மேட்டோரம் கொட்டிவிட்டுப் போனார். மனுவைப் பற்றி அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. நான் கீழே இறங்கவில்லை. எந்த முகத்தோடு இறங்குவது?

பிறகு புளோக்கின் கீழே ஒரு விழா நடந்தது. நாம் வந்தபோது இங்கே ஒன்றுமே இல்லை, வெறும் காடு, நாம்தான் முன்னோடிகள் என்று மேடையில் ஒருவர் வாய் கூசாமல் பேசினார். தோட்டம் போட்டதற்காக அக்காவுக்கு மாலை வேறு. சீ! பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

சில மாதம் கழித்து அக்கா என் கதவைத் தட்டினார். கீரையெல்லாம் மஞ்சளடித்துப் போகிறதாம்.

"அந்தச் சீனம்மா இப்ப எங்க இருக்காங்க, உனக்குத் தெரியுமா? ரெண்டு வாளி கெடைச்சாப் போதும்லா."

அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன்.