ஒரே பெஞ்சில் பெரியம்மாவும் டாக்டரும்

எங்கள் தெருவில் யாருக்கு உடம்பு சுட்டாலும் பெரியம்மாவுக்குத்தான் முதலில் தெரியவரும். உடனே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டி பஜாரில் இருந்த டாக்டரிடம் போய்விடுவாள். அவருக்குத் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்தே அவள் அவரிடம்தான் வைத்தியம் பார்த்து வந்தாள். "எங்க டாக்டரு கையப் புடிச்சாலே பாதி நோவு அங்கியே ஓடிப்பூடும்" என்பாள். தெருவில் எல்லாரும் அவரிடம்தான் போனார்கள். ஆனாலும் 'எங்க டாக்டரு' என்று சொல்லும் உரிமை பெரியம்மாவுக்கு மட்டும்தான் இருந்தது.

அப்படிப்பட்டவளுக்கு வயிற்றெரிச்சல் வந்தது. நெத்திலிக் குழம்பு கொதிக்கிற வாசனைக்கே நெஞ்சைத் தடவிக்கொள்வாள். டாக்டர் 'கேஸ்தான்' என்று சொல்லி ஒரு ரோஸ் நிற மருந்து கொடுத்தார். பாட்டில் தீரத் தீரப் புதுப் பாட்டில் வந்தது. எரிச்சல் மட்டும் போகவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் பெரியம்மாவின் வளையல்கள் முழங்கை வரை ஏறத் தொடங்கின.

அம்மா பயந்துபோனாள். சென்னையில் வயிற்று நோய்க்கென்றே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது, குழாயை விழுங்கவைத்து உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்துவிடுவார்கள், ஒரு தடவை போய் வா என்று கெஞ்சினாள். பெரியம்மா ஒப்புக்கொள்ளவில்லை. குழாயைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. டாக்டருக்குத் தெரிந்தால் மனசு நொந்துபோவார் என்பதுதான் கவலை. ஆனால் ஒரு நாள், சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டு, "உள்ள கட்டி கிட்டி இருக்குமாடி?" என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

மறுநாள் வெறும் வயிற்றோடு கிளம்பிவிட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால், போர்டு படிக்க நான் கூடப் போனேன். எனக்கு அரைப் பரீட்சை லீவு.

ஸ்டேஷனுக்குப் போக டாக்டரின் கிளினிக்கைத் தாண்டித்தான் ஆகவேண்டும். பெரியம்மா முந்தானையைத் தலையில் போட்டு முகத்தை மூடிக்கொண்டாள். அவள் நடையை வைத்தே ஊரில் எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "உள்ள கீறாரா பாரு" என்றாள். கதவு பூட்டியிருந்தது. இன்று டாக்டர் இல்லை என்று ஓர் அட்டை தொங்கியது. படித்துச் சொன்னேன்.

"சாமி நம்ம பக்கம் கீது பாப்பா" என்று முந்தானையை இறக்கிவிட்டுக்கொண்டு ராணி மாதிரி நடந்தாள்.

ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனோம். அங்கே கடைக்கோடி பெஞ்சில் எங்கள் டாக்டர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் இல்லாததால் எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. பெரியம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பிடித்து முன்னால் நிறுத்தி, என் பின்னால் ஒளிந்தாள். நான் அவள் இடுப்பளவுதான் இருந்தேன்.

"போச்சுடி, மானம் போச்சு. நம்மளத் தேடிக்கினே வந்துட்டாரு!"

ஆனால் எங்களைப் பார்த்ததும் டாக்டர் செய்ததுதான் விசித்திரம். கையிலிருந்த பெரிய எக்ஸ்ரே கவரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். கவரின் மேல் அவர் பெயர் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. நான் அதைச் சத்தமாகப் படித்தேன். அதற்குத்தானே என்னைக் கூட்டி வந்திருந்தாள்.

பெரியம்மா என் பின்னாலிருந்து வெளியே வந்தாள்.

"நீங்க இங்க இன்னா சார் பண்றீங்க?"

கவர் மெல்ல இறங்கியது. "வயிறும்மா. ஒரே எரிச்சல்."

"அந்த ரோஸ் மருந்தக் குடிக்கறதுதான?"

"குடிச்சேன்மா." டாக்டர் தரையைப் பார்த்தார். "கேக்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது. பெரியம்மாவைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அவள் அவர் பக்கத்தில், நடுவே ஓர் ஆள் இடம் விட்டு, பொத்தென்று உட்கார்ந்தாள்.

"உங்களுக்குன்னா மெட்ராஸு. எனக்குன்னா ரோஸ் மருந்து. நல்லாக்கீது சார் ஞாயம்."

"உங்களையும் அப்பவே அனுப்பியிருக்கணும்மா. என் மருந்துலயே சரியாயிடும்னு நெனச்சேன்."

"நானுந்தான் நெனச்சேன்" என்று பெரியம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நர்ஸ் வந்து டாக்டரின் பெயரைக் கூப்பிட்டாள். அவர் எழுந்திருக்கவில்லை. நெற்றி வியர்த்திருந்தது. "இந்தம்மா ரொம்ப நேரமா உக்காந்திருக்காங்க, இவங்களை மொதல்ல பாருங்க" என்றார். நாங்கள் அப்போதுதான் வந்திருந்தோம். பெரியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது, குழாய் விழுங்கியதில் கண் கலங்கி, தொண்டை மரத்து, குரல் கரகரத்தது. வயிற்றில் புண்தான், கட்டி இல்லை, மாத்திரையிலேயே ஆறிவிடும் என்று உள்ளே சொல்லியிருந்தார்கள். அதை என்னிடம் சொல்வதற்கு முன்னால் அவள் டாக்டர் எதிரே போய் நின்றாள்.

"ஒண்ணியும் இல்ல சார். எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும். கண்ண மூடிக்கினு முழுங்கிடுங்க."

எங்களுக்கு ஊசி போடும்போது அவர் பேசுகிற அதே தொனி. டாக்டர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார். அவர் வெளியே வரும்வரை பெரியம்மா கிளம்பவில்லை. அவர் கதவைத் திறந்து வந்து, தள்ளாடாமல் நிற்கிறார் என்று தெரிந்ததும், என்னை இழுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

மாத்திரையில் புண் ஆறியது. நெத்திலியும் திரும்ப வந்தது. எங்கள் வீட்டுப் பூனை குட்டி போட்டதைக்கூடத் தெருமுனை வரை போய்ச் சொல்கிறவள், ஆஸ்பத்திரி பெஞ்சைப் பற்றி ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அவரிடமே அனுப்பினாள். தான் மட்டும் அந்தப் படியேறவில்லை. தலைவலி என்றால்கூட பஸ் ஏறிப் பொன்னேரியில் வேறு டாக்டரிடம் போனாள்.

கோடையில் எனக்குக் காய்ச்சல் கண்டு அம்மாவோடு போனபோது, தனக்கு உடம்பு தேவலை என்று பெரியம்மாவிடம் சொல்லச் சொன்னார் டாக்டர். வந்து சொன்னேன்.

"நான் கேட்டனா?" என்றாள் பெரியம்மா. கொஞ்ச நேரம் துணி மடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "ஆளு எளச்சிக்கீறாரா? வேளைக்குத் துன்றாராமா?" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவ்வளவு தெரியவேண்டுமென்றால் நேரில் போய்க் கேட்கலாம்; கோபமென்றால் கேட்காமல் இருக்கலாம். கோபம் வந்தால் முழுசாகக் கோபமாக இருக்கவேண்டும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த வயது அது.