இலைத் தராசு எது?

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு நான்தான் கம்ப்யூட்டர் வைத்துக்கொடுத்தேன். அதை இயக்கும் லினக்ஸ் காசில்லாமல் கிடைக்கும் என்றேன். அதன் மற்றச் சிறப்புகள் எதுவும் முதலாளியின் காதில் ஏறவில்லை. விவசாயிகள் கொண்டுவரும் பச்சை இலையை எடைபோட வாசலில் ஒரு தராசு, தேயிலைத் தூளுக்கு உள்ளே பேக்கிங் அறையில் இன்னொன்று. இரண்டின் ஒயரும் அந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் வரும்.

தேயிலை விலை நன்றாக இருந்தவரை அதை யாரும் அணைத்ததே இல்லை. விலை விழுந்த பிறகு, கரண்ட் செலவுக்குப் பயந்து, வேலை முடிந்ததும் மெயினையே இறக்கிவிட்டுப் போனார்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

சில நாள் எடை சரியாக இருந்தது. சில நாள் மூட்டையை லேசாகக் காட்டியது. திருடுகிறவன் அப்படித்தான் திருடுவான் என்று ஒரு விவசாய அம்மா வாய்விட்டுச் சொல்ல, மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். எடைபோட்டவர் சிலோனிலிருந்து திரும்பிய குடும்பத்து மனிதர். முதலாளி அவரை ஒதுக்கி உட்காரவைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். தொழிற்சாலைகள் மூடிக்கொண்டிருந்த காலம். திருட்டுப் பெயரோடு போனால் வேறு எங்கும் சேர்க்கமாட்டார்கள்.

"ஒரு கொழுந்துகூட எடுத்ததில்லைங்க," என்றார் எடைபோட்டவர் என்னிடம்.

மனிதர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. மெஷின் என்றால் யோசிக்காமல் திட்டுவேன்.

இலைத் தராசில் நானே ஏறி நின்றேன். திரை முப்பத்தைந்து கிலோ என்றது. அந்த எடையை நான் பள்ளிக்கூடத்திலேயே விட்டுவிட்டேன். பேக்கிங் அறையை எட்டிப் பார்த்தால், அங்கே தராசில் ஒரு தூள் மூட்டை உட்கார்ந்திருந்தது; திரை காட்டியது அதன் எடையை.

விஷயம் இவ்வளவுதான். கம்ப்யூட்டர் எழும்போது எந்தத் தராசு முதலில் பதில் சொல்கிறதோ அதற்குப் பூஜ்யம் என்று பெயர் வைக்கும், பிந்தியதற்கு ஒன்று. எடைபோடும் புரோகிராமோ பூஜ்யம்தான் இலைத் தராசு என்று நம்பிக்கொண்டிருந்தது. ஒயர்களுக்குத் தனித்தனி எண் இருந்தால் அதை வைத்து அடையாளம் காணலாம். இரண்டும் ஒரே கடையில் வாங்கிய மலிவுச் சரக்கு, எண் எதுவும் இல்லை. ஆகவே இன்ன துளையில் செருகியிருப்பது எப்போது எழுந்தாலும் இலைத் தராசுதான் என்று விதி எழுதி, அந்தப் பெயரையே புரோகிராமுக்கும் கொடுத்தேன். துளையின் மேல் சிவப்பு டேப் ஒட்டினேன்.

"மெஷின் தப்புன்னு நான் நம்பறனுங்க," என்றார் முதலாளி. "வெளிய நிக்கறவங்க நம்போணுமே."

அதனால் எல்லோருக்கும் முன்னால் எடைபோட்ட அந்த மனிதரையே இலைத் தராசில் ஏற்றினோம். மெயினை இறக்கி மறுபடி போட்டேன். கம்ப்யூட்டர் எழுந்ததும் அவர் எடை வந்தது.

"இன்னொருக்கா போடுங்க," என்றார் ஒருவர்.

மறுபடி போட்டேன். அதற்குப் பிறகும் கேட்டார்கள். அவர் கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, அசையாமல், யாரையும் பார்க்காமல் நின்றார். தன் உடம்பையே நிறுத்துக் காட்டி யோக்கியன் என்று நிரூபிக்கவேண்டியிருந்ததைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் எடைதான் வந்தது.

முதலில் திருடன் என்று சொன்ன அந்த அம்மா, தன் மூட்டையை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஏனுங்க, எறங்குங்க. எலை மூட்டைக்குள்ள சூடாகிக் கெட்டுப்போகுது."

அவர் இறங்கி, மூட்டையைத் தானே வாங்கித் தராசில் வைத்தார். திரையைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி எடையை உரக்கச் சொன்னார்.