வாடகைக்கு வந்த தீர்ப்புகள்

ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் வழக்கறிஞர் சங்கத்தின் நூலகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிற வேலை. தீர்ப்புகளை அச்சிட்டு வரும் சட்ட இதழ்களைப் பதிவுசெய்து, வருடக் கடைசியில் பைண்டு போட்டு அடுக்குவதுதான் அதில் பெரும்பகுதியாக இருந்தது, அந்தப் பிரதிநிதி வரும்வரை.

மதுரையிலிருந்து வந்தவர், சட்டப் புத்தகங்கள் போடுகிற ஒரு பதிப்பகத்தின் ஆள். சங்கச் செயலாளரின் மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, "புஸ்தகமெல்லாம் எதுக்கு சார்? ஒரு வார்த்தை அடிச்சாப் போதும், அத்தன கோர்ட்டுத் தீர்ப்பும் வந்து நிக்கும்" என்றார். வந்து நிற்கத்தான் செய்தது. அச்சு இதழ்களை நிறுத்திக்கொண்டால் இந்தக் கணினிச் சேவையின் சந்தாவில் இன்னும் தள்ளுபடி உண்டு என்றார். எனக்கு மனசில்லை. புத்தகமும் இருக்கட்டுமே என்று செயலாளரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"வைக்க இடமே இல்லம்மா, கரையான் வேற" என்று அவர் கையெழுத்துப் போட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. கரையான் இருந்தது.

மூன்று வருடம் சிரமமில்லாமல் போனது. அது முடிந்து புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் மூன்று மடங்கு விலை போட்டு அனுப்பினார்கள். பிரதிநிதிக்கு போன் செய்தேன்.

"என்ன தம்பி இது, எம்புட்டு ஏத்திருக்கீங்க?"

"புதுசா நெறைய சேத்திருக்கோம் மேடம். கம்பெனிச் சட்டம், வரி, வெளிநாட்டுத் தீர்ப்பு எல்லாம் வருது."

"எங்க கோர்ட்டுல வெளிநாட்டுத் தீர்ப்ப யாரு கேக்கா? வரப்புத் தகராறும் ஆக்சிடெண்ட் கேசும்தான் இங்க. அத மட்டும் குடுங்க."

"பிரிச்சுக் குடுக்க முடியாது மேடம். மொத்தமாத்தான்."

என்னோடு படித்தவள் ஒருத்தி வேறு மாவட்டத்தில் இதே வேலையில் இருக்கிறாள். அவளிடம் கேட்டேன். அதே சேவைக்கு அவர்கள் நாங்கள் கொடுப்பதில் பாதிதான் கொடுக்கிறார்கள். சொல்லிவிட்டு உடனே, "நான் சொன்னேன்னு எங்கயும் சொல்லிராத. வெலைய வெளிய சொல்லக் கூடாதுன்னு ஒப்பந்தத்துலயே இருக்கு" என்றாள். எங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். அதிலும் இருந்தது. பக்கத்து ஊர்க்காரர் என்ன கொடுக்கிறார் என்று தெரியாமலே ஊர் ஊராகத் தனித்தனியே பேரம் பேசியிருக்கிறோம்.

அந்த விலைக்குச் சங்கம் முடியாது என்றது. சரி, இதழ்களுக்கே திரும்பிவிடலாம், விட்டுப்போன மூன்று வருடத்துத் தொகுதிகளைத் தாருங்கள் என்று கேட்டேன். முதல் தொகுதியிலிருந்து முழு வரிசையாக வாங்கினால்தான் தருவார்களாம். மற்றதெல்லாம் எங்கள் அலமாரியில் ஏற்கெனவே இருந்தது. அப்படியே பேச்சு நின்றுபோனது. ஒரு காலையில் கணினியைத் திறந்தேன். கடவுச்சொல் செல்லாது என்றது. மூன்று வருடம் பணம் கட்டியதற்கு ஒரு தாள்கூட மிச்சமில்லை.

அதன் பிறகுதான் கான்சாபுரத்துப் பெண்ணின் வழக்கு வந்தது. அவள் புருஷன் தன் காய்கறி மூட்டைகளோடு லோடு ஆட்டோவில் வரும்போது வண்டி கவிழ்ந்து செத்துப்போனான். சரக்கு வண்டியில் ஆள் ஏறினால் நாங்கள் பொறுப்பில்லை என்று காப்பீட்டுக் கம்பெனியின் வக்கீல் ஒரு தீர்ப்பைக் காட்டினார். அவளுக்காக வாதாடியது ஓர் இளம் பெண் வக்கீல். சொந்தச் சரக்கோடு வருபவருக்கு அது பொருந்தாது என்று பிற்பாடு வந்த தீர்ப்பு ஒன்றை எங்கள் கணினியில் அவர் முன்பு படித்திருந்தார். வருடமும் எண்ணும் நினைவில் இல்லை. ஏற்கெனவே பலமுறை தள்ளிப்போன வழக்கு என்பதால், மறுநாளே தாக்கல் செய்ய வேண்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டார்.

"அக்கா, எப்படியாவது எடுத்துக் குடுங்க" என்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

நீதிமன்றத் தளத்தில் தீர்ப்புகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எண் தெரிந்தால் எடுத்துவிடலாம். தெரியாவிட்டால் கண்மாய்க்குள் மோதிரம் தேடுகிற கதைதான். அலமாரித் தொகுதிகளிலும் அது இல்லை. தளத்தில் இருவரும் மாறி மாறித் தேடினோம். தோழியை அழைத்தேன், அவள் ஏதோ கல்யாணத்துக்குப் போயிருந்தாள். கடைசியில் இளம் வக்கீல், தனியாகச் சந்தா வைத்திருந்த எதிர்த்தரப்பு வக்கீலிடமே போய், "அண்ணே, உங்க டேப்லெட்ல செத்த நேரம் பாத்துக்கிறட்டுமா?" என்று கேட்டார்.

"குடுக்கலாம்மா. ஆனா என் கட்சிக்காரனுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றார் அவர்.

தீர்ப்பில்லாமலே வாதம் முடிந்தது. காப்பீட்டுக் கம்பெனிக்குப் பொறுப்பில்லை, வண்டி உரிமையாளரே தர வேண்டும் என்று உத்தரவானது. வெளியே வந்து இளம் வக்கீல் விளக்கிச் சொன்னபோது, கான்சாபுரத்துப் பெண் அழவில்லை.

"அவன்ட்ட என்னம்மா இருக்கு? வண்டிய எடைக்குப் போட்டுட்டு அவனே மம்சாபுரத்துல கூலிக்குப் போறான்" என்றாள்.

அடுத்த வாரம் தோழி அந்தத் தீர்ப்பின் பக்கங்களைப் படமெடுத்து என் போனுக்கு அனுப்பினாள். இளம் வக்கீல் நின்றபடியே படித்தார். "இதேதான்க்கா" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் போனைத் திருப்பித் தரவில்லை.

பிரதிநிதி மறுபடி வந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கும் டார்கெட் இருக்கு மேடம். இந்த மாசம் எடுக்கலேன்னா என்னையே எடுத்துருவாங்க" என்றார். பொய்யாகத் தெரியவில்லை. இளம் வக்கீல்கள் வற்புறுத்தியதால் சங்கம் கொஞ்சம் குறைத்துப் பேசித் திரும்பவும் சந்தா கட்டியது. விலையை வெளியே சொல்லலாம், சந்தா நின்றாலும் பழைய தீர்ப்புகள் எங்களிடம் இருக்க வேண்டும் என்றெல்லாம் ஒப்பந்தத்துக்கு நான் எழுதிக் கொடுத்த ஒரு திருத்தத்தையும் பதிப்பகம் ஏற்கவில்லை.

அந்த விபத்து வழக்குக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மேல்முறையீடு போட்டிருக்கிறது. காசு வாங்காமல் அந்த இளம் வக்கீலே நடத்துகிறார். இன்னும் விசாரணைக்கு எடுக்கவில்லை. கான்சாபுரத்துப் பெண் இப்போது ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலைக்கு வருகிறாள். சில சாயங்காலங்களில் நான் இறங்கும் பஸ்ஸில் அவள் ஏறுவாள். வழக்கு என்ன ஆனது என்று கேட்பாளோ என ஆரம்பத்தில் நான் பயந்ததுண்டு. இரண்டொரு முறை கேட்டாள். இப்போது அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.