மகளுக்காகச் செய்த ரோஸ்ட்

விருந்து மண்டபத்துச் சமையல்கூடத்தில் அவரை எல்லாரும் 'சூளை' என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய பெரிய ஓவன்களுக்கு முன்னால் நின்றே முகம் கருத்து, புருவம் கொட்டி, வெயில் காலத்தில் வெளியே வந்தால்கூட "என்னப்பா இப்படிக் குளிருது?" என்று கேட்கிற ஆளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்! இறைச்சி வாட்டுவதில் மனிதரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தக் கூடத்தில் அவர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. ஓவன் கதவு திறந்தால் பிரஷ் ஓடியாக வேண்டும். அடித்தட்டில் வழிந்து நிற்கும் கொழுப்பைத் தொட்டு, உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் ஒரு பூச்சு, உடனே கதவைச் சாத்து. நின்று யோசித்தால் சூடு போய்விடும். அதனால் யோசிக்காமலே செய்யக் கையைப் பழக்கி வைத்திருந்தார்.

அவருக்குப் பிறந்தது ஒரே மகள். வேலைக்குப் போன இடத்தில் அவள் இறைச்சியை விட்டாள், முட்டையை விட்டாள், பால், வெண்ணெய், தேன் வரை எல்லாவற்றையும் விட்டாள். சூளை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தாய்க்காரிக்குத்தான் மனசு கேட்கவில்லை. மகள் ஒருமுறை காய்ச்சலோடு வந்து படுத்தபோது, காய்கறி சூப் என்று சொல்லிக் கோழி வேகவைத்த தண்ணீரைக் கலந்து கொடுத்துவிட்டாள். "உடம்பு தேறட்டுமேன்னுதான்டி செஞ்சேன்" என்றாள், பிடிபட்டதும். மகள் கத்தியிருந்தாலாவது தேவலை. "என் வாய்க்குள்ள என்ன போகுதுன்னு எனக்கே தெரியக்கூடாதாம்மா?" என்று கேட்டாள், அவ்வளவுதான். காய்ச்சல் விட்டதும் பெட்டியை எடுத்துக்கொண்டு போனவள் மூன்று வருஷமாக வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அந்த மூன்று வருஷமும் சூளை மனைவியை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டார். சோறு போட்டால் ஒரு குத்தல், தண்ணீர் கொடுத்தால் ஒரு குத்தல். "பெத்த பிள்ளையையே ஏமாத்தினவதானே நீ" என்பார். அவள் வாயைத் திறக்கமாட்டாள். தப்பு செய்தவள் என்ன பேசுவாள், பாவம்.

இந்த வருஷம் விடுமுறைக்கு முன்னால் மகள் ஃபோனில் கூப்பிட்டாள். "வரேன்ப்பா. உங்க தட்டுல என்ன இருந்தாலும் எனக்குப் பிரச்சினை இல்ல. என் தட்டுல இருக்கிறத மட்டும் நீங்களே சமைக்கணும். உங்களை நம்பித்தான் வரேன்."

சூளைக்குத் தலைகால் புரியவில்லை. அன்றே ஆரம்பித்துவிட்டார். பருப்பு, காளான், வால்நட், ஓட்ஸ் எல்லாம் சேர்த்து ரொட்டி டின்னில் அழுத்தி வேகவைக்கும் ரோஸ்ட். முதல் தடவை டின்னைக் கவிழ்த்தபோது ஈர மண் மாதிரி பொலபொலவென்று சரிந்தது. முட்டை இல்லாமல் எது பிடித்து நிற்கும்? ஆளி விதையை அரைத்துத் தண்ணீரில் ஊறவிட்டால் முட்டை மாதிரியே கொழகொழவென்று வரும் என்று எங்கோ கேட்டு வந்து அதையும் செய்தார். இந்த முறை சரியாமல் நின்றது, கத்திதான் இறங்கவில்லை.

"என்னங்க, சமையல் செய்றீங்களா, செங்கல் அறுக்கிறீங்களா?" என்றாள் மனைவி. மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் கேலி அதுதான். அவரும் சிரித்துவிட்டார். காளானில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வதக்க வேண்டும், பருப்பைப் பாதிதான் மசிக்க வேண்டும், ஓவனிலிருந்து எடுத்ததும் வெட்டாமல் ஆறவிட வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. கடைசியில் வந்த ரோஸ்ட்டைத் தின்று பார்த்துவிட்டு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இது நல்லா இருக்குங்க. அவ சாப்பிடுவா" என்றாள்.

விடுமுறையில் வீட்டு விருந்தன்று மகள் வந்தாள். இளைத்திருந்தாள். அம்மாவை ஒரு கையால் லேசாகத் தொட்டுவிட்டு அப்பாவைக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் மனைவியின் தம்பி ஒரு ஆட்டுத் தொடையோடு வந்து இறங்கினான். "ஒரு ஓரமா இதையும் உள்ள தள்ளிடுங்க அத்தான்." வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆட்டுக் கொழுப்பு அவள் சாப்பாட்டின்மேல் சொட்டிவிடக் கூடாதே என்று மகளுடைய ரோஸ்ட்டை மேல் தட்டிலும் ஆட்டுத் தொடையைக் கீழ்த் தட்டிலும் வைத்தார். அவ்வளவு கவனம்!

முன்னறையில் மாமனும் மருமகளும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். மகள் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே சூளை ஓவன் கதவைத் திறந்தார். பிரஷ்ஷை எடுத்தார். அடித்தட்டுக் கொழுப்பில் தோய்த்து ஆட்டுத் தொடைக்கு ஒரு பூச்சு, மேல் தட்டு ரோஸ்ட்டுக்கு ஒரு பூச்சு, கதவைச் சாத்தினார். சாத்திய பிறகுதான் அவருக்கு உறைத்தது.

அடப்பாவி! கதவை மறுபடி திறந்து பார்த்தார். மேல்பக்கம் பளபளவென்று மின்னியது. சீவி எடுத்துவிடலாமா? வெடிப்புக்குள்ளெல்லாம் இறங்கிவிட்டிருந்தது. புதிதாகச் செய்வதென்றால் பருப்பை ஊறப்போடுவதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சொல்லிவிடுவோம், அதுதான் மரியாதை என்று முடிவு செய்தார். கை தவறிவிட்டது என்றால் நம்பமாட்டாளா? ஆனால், இந்த வீட்டில் இரண்டாவது தடவை இப்படி நடந்தால் எந்தப் பிள்ளைதான் நம்பும்? திரும்பினால் சமையலறை வாசலில் மனைவி தட்டுகளோடு நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ, தெரியவில்லை. அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சொல்லிவிடத்தான் ரோஸ்ட்டை மேசைக்குக் கொண்டுபோனார். வாயைத் திறப்பதற்குள் மகள் கைதட்டினாள். "அப்பா! இதை நீங்களா செஞ்சீங்க? பார்க்கவே எப்படி இருக்கு!" பிறகு தாயின் பக்கம் திரும்பினாள். அவள் குரல் மாறியது. "அம்மா, நீ இதைத் தொடலையே?"

தாய் கணவனைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் கத்தியை வைத்து ரோஸ்ட்டை வெட்ட ஆரம்பித்திருந்தார்.

"தொடலம்மா" என்றாள். "எல்லாம் அப்பாதான்."

மகள் சாப்பிட்டாள். இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். வெளியே எங்கே சாப்பிட்டாலும் ஆயிரம் கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது, இங்கேதான் பயமில்லாமல் விழுங்க முடிகிறது என்று சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. சூளை ஒவ்வொரு வாய்க்கும் இப்போது சொல்லலாம், இப்போது சொல்லலாம் என்று பார்த்தார். அவள் சாப்பிடச் சாப்பிடச் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. கடைசியில் தட்டு காலியாகிவிட்டது.

கிளம்பும்போது மிச்சத்தையும் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டாள். "அடுத்த விடுமுறைக்கும் வரேன்ப்பா. ஆனா நீங்கதான் செய்யணும். அம்மா, கோவிச்சுக்காதே. இன்னும் எனக்கு உன்மேல நம்பிக்கை வரல."

"அதுக்கென்னம்மா. நல்லபடியா போயிட்டு வா" என்றாள் தாய்.

மைத்துனனும் போன பிறகு சூளை மேசை முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். மனைவி பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அவள் திட்டட்டும், மூன்று வருஷக் கணக்கைச் சேர்த்துத் தீர்க்கட்டும் என்று காத்திருந்தார்.

"நீ பார்த்தேதானே?" என்று அவரே கேட்டார்.

"பார்த்தேன்."

"பின்ன ஏன் அவகிட்ட சொல்லல?"

அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"அவ என்னைக் கேட்டாளே, அப்பவாவது நீங்க சொல்லிடுவீங்கன்னு நினைச்சேங்க."